தோண்டிப் பார்த்தவர்!

தோட்டத்தில் ஒரு செடி மட்டும் வாடி நிற்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு விளையாடப் போய்விடுவீர்கள், அப்படித்தானே? காரணம் என்னவென்று மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படித் தோண்டிப் பார்த்த ஒருவரால்தான் உலகத்துக்கு நவீனச் சொட்டுநீர்ப் பாசனம் கிடைத்தது. அவர் பெயர் சிம்கா பிளாஸ்.

இவர் 1897-ல் போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். பொறியியல் படித்தார். 1930-ல் பாலஸ்தீனத்தில் குடியேறினார். மழை குறைவான அந்த மண்ணில், தண்ணீரைத் தேடுவதே அவர் வேலையாயிற்று.

ஒருநாள் விவசாயி ஒருவர் அவரிடம் ஒரு விந்தையைக் காட்டினார். வரிசையாக நின்ற மரங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்திருந்தது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அடியில் மண்ணும் காய்ந்துதான் கிடந்தது. பிளாஸ் வியந்து பார்த்ததோடு நிற்கவில்லை, தோண்டினார். உள்ளே புதைந்திருந்த குழாயின் இணைப்பில் நீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கொண்டிருந்தது! மேலே சிறிதளவே ஈரம். கீழே போகப் போக அது வெங்காய வடிவில் விரிந்து, வேரை நனைத்திருந்தது.

அந்தக் காட்சி அவர் மனதை விட்டு அகலவே இல்லை. ஆனால், உடனே அதில் இறங்க நேரமில்லை. நெகேவ் பாலைவனத்துப் புதிய ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரும் பணி காத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் தீயணைக்கப் பயன்பட்ட பழைய குழாய்களை வாங்கி வந்து அதைச் செய்தார். பிறகு, நாட்டின் நீர்த் திட்டங்களில் தலைமைப் பொறுப்பும் வகித்தார். கருத்து வேறுபாட்டால் 1956-ல் பதவியை விட்டு விலகினார்.

அப்போது அவருக்கு அறுபது வயதை நெருங்கிக் கொண்டிருந்தது. ஓய்வெடுத்தாரா? இல்லை! அந்தப் பழைய மரம் நினைவுக்கு வந்தது. மகனைத் துணைக்கு வைத்துக் கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார்.

குழாயில் ஊசித் துளை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மண்துகள் அடைத்துக்கொள்ளுமே! அதனால், பாதையைக் குறுக்காமல் நீளமாக்கினார். சுருள் சுருளாகச் சுற்றிவரும் பாதையில் நீர் உராய்ந்து உராய்ந்து வேகம் இழந்தது; வெளியே வரும்போது சொட்டாகியது. அப்போது பரவிவந்த பிளாஸ்டிக் இதற்குக் கைகொடுத்தது. 1965-ல், தமது 67-வது வயதில், நெகேவிலுள்ள ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையுடன் ஒப்பந்தம் செய்தார். சொட்டுநீர்க் கருவி அங்கே தயாரானது. 1982-ல் பிளாஸ் மறைந்தார்.

இன்று நம் ஊர்த் தென்னந்தோப்பிலும் கரும்புத் தோட்டத்திலும் சொட்டுநீர்க் குழாய்களைக் காணலாம். சிலர் அவற்றை மண்ணுக்குள் புதைத்தும் வைக்கிறார்கள். நீர் ஆவியாகி வீணாவது குறையும். ஆனால், அடைப்பு ஏற்பட்டால் கண்ணுக்குத் தெரியாது; பயிர் வாடிய பிறகுதான் தெரியும். ஈரம் தேடி வரும் வேர் துளைக்குள் நுழைந்துவிடும். மோட்டாரை நிறுத்தியதும் குழாய் வெற்றிடமாகி, சேற்றை உள்ளே இழுத்துக் கொள்வதும் உண்டு.

இதற்கு என்ன வழி? வாடிய செடியின் அருகே, குழாயில் படாமல் மெல்லத் தோண்டி, வேர் மட்டத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடிகட்டியைக் கழுவ வேண்டும். குழாயின் கடைசி மூடியைத் திறந்து, அழுக்கு போகும்வரை நீரை ஓடவிட வேண்டும். மேடான இடத்தில் காற்று வால்வு பொருத்தினால், சேறு உள்ளே போவது குறையும்.

குழந்தைகளே! மேல்மண் காய்ந்திருந்தால் அடியும் காய்ந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். மேலே ஈரமிருந்தால் வேருக்கும் நீர் போயிருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். அடுத்த முறை ஒரு செடி வாடினால், குடத்தைத் தேடுமுன் பெரியவர்களைக் கேட்டுக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். விடை மண்ணுக்குள் இருக்கும்!