வலியை வென்ற பல் மருத்துவர் ஹோரேஸ் வெல்ஸ்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலியும் அப்படியே. இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களுக்குத்தான் அதன் கொடுமை புரியும். பெரியவர்களே துடித்துப்போகும் அவ்வலியை மூன்று நான்கு வயதுக் குழந்தை எவ்வாறு தாங்கும்? இன்று அத்தகைய குழந்தையை மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து உறங்க வைத்து, சொத்தைப் பற்களையெல்லாம் ஒரே நாளில் சரிசெய்ய முடிகிறது. குழந்தை கண்விழிக்கும்போது சிகிச்சை முடிந்திருக்கும். இந்த நற்பேற்றுக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா, தோழியரே? பிறருடைய வலியைப் போக்கப் பாடுபட்டுத் தாம் மட்டும் தீராத வேதனையோடு மறைந்த ஒரு பல் மருத்துவர். ஹோரேஸ் வெல்ஸ் என்பது அவர் பெயர்.

அமெரிக்க நாட்டின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் 1815ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் வெல்ஸ் பிறந்தார். பாஸ்டன் நகரில் பல் மருத்துவம் பயின்றார். பிறகு கனெக்டிகட் மாநிலத்திலுள்ள மற்றொரு ஹார்ட்ஃபோர்டு நகரில் 1836இல் தொழில் தொடங்கினார். கைத்திறமையும் கனிவும் உடைய அவரை மக்கள் நாடி வந்தனர். 1838இல் பற்களைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் எலிசபெத் என்னும் மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டு அவர்களுக்குச் சார்லஸ் என்ற மகன் பிறந்தான்.

அக்காலத்தில் பல் பிடுங்குவது என்றால் என்ன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊசி போட்டு ஈற்றை மரத்துப்போகச் செய்யும் வழி கிடையாது. நோயாளி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். குழந்தையானால் இருவர் மூவர் பிடித்துக்கொள்வர். மருத்துவர் குறட்டை வாய்க்குள் விட்டு ஒரே மூச்சில் இழுப்பார். அலறல் தெருவரை கேட்கும். பிறர் அலறுவதைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன மருத்துவர்கள் பலர் இருந்தனர். வெல்ஸின் உள்ளமோ மரத்துப்போகவில்லை. வலியில்லாமல் பல்லை எடுக்க ஒரு வழி இருக்காதா என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வழி ஒரு வேடிக்கைக் காட்சியில் அவர் கண்ணில் பட்டது. நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவை 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்திருந்தார். அதை முகர்ந்தவர்கள் காரணமின்றிச் சிரித்து ஆடியதால் சிரிப்பூட்டும் வாயு என்ற பெயர் வழங்கியது. அது வலியைக் குறைக்கிறது என்றும், அறுவை சிகிச்சையில் பயன்படக்கூடும் என்றும் ஹம்ஃப்ரி டேவி 1800ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை எவரும் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைக்கே அந்த வாயு பயன்பட்டு வந்தது.

1844ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் மாலை, கார்ட்னர் கோல்டன் என்பவர் ஹார்ட்ஃபோர்டில் அத்தகைய காட்சி ஒன்றை நடத்தினார். வெல்ஸும் மனைவியுடன் சென்றிருந்தார். மருந்துக்கடை ஊழியரான சாமுவேல் கூலி மேடையேறி வாயுவை முகர்ந்து, தன்னை மறந்து ஓடியாடினார். ஓடியதில் பலகைகளில் மோதிக் காலில் காயம் பட்டது. மயக்கம் தெளிந்து இருக்கையில் அமர்ந்த பிறகுதான் இரத்தம் வழிவதை அவர் கண்டார். அடிபட்டபோது வலி தெரியவே இல்லை என்றார். அங்கிருந்தோர் எல்லாரும் சிரித்தார்கள். வெல்ஸ் ஒருவர் மட்டும் சிந்தித்தார்.

மறுநாளே சோதனை நடந்தது. யாரோ ஓர் ஏழையை அழைத்து வந்து அவர் சோதிக்கவில்லை. தாமே நாற்காலியில் அமர்ந்தார். கோல்டன் வாயுவைக் கொடுக்க, ஜான் ரிக்ஸ் என்னும் சக பல் மருத்துவர் வெல்ஸின் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். கண்விழித்த வெல்ஸ், ஊசி குத்திய அளவு வலிகூட இல்லை என்று மகிழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 29. வாயுவைத் தயாரிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, அடுத்த சில வாரங்களில் பன்னிரண்டு, பதினைந்து பேருக்கு அதைக் கொடுத்துப் பல் எடுத்தார். இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் பெரும் பொருள் சேர்ந்திருக்கும். அவரோ அதை எல்லாருக்கும் பொதுவாக விட்டார். கேட்ட மருத்துவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார்.

நற்செய்தியைப் பெரிய மருத்துவர்களிடம் சொல்ல விரும்பி, 1845 ஜனவரியில் பாஸ்டனுக்குச் சென்றார். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரனின் மாணவர்கள் முன்னிலையில் செய்து காட்ட வாய்ப்புக் கிடைத்தது. ஒருவர் பல் எடுக்க முன்வந்தார். வெல்ஸ் வாயு நிறைந்த பையை அவர் வாயருகே பிடித்தார். ஆனால் போதிய மயக்கம் வருவதற்குள் பையை எடுத்துவிட்டார். பல்லைப் பிடுங்கும்போது அந்த மனிதர் கத்திவிட்டார். கூடியிருந்தோர் ஏளனம் செய்தனர். இது வெறும் ஏமாற்று வித்தை என்று கூச்சலிட்டனர். தமக்கு வலி அதிகம் தெரியவில்லை என்று அந்த மனிதரே பிறகு சொன்னார். அதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

தோழியரே, வகுப்பில் ஒரு விடை தவறினால் நாலு பேர் சிரிப்பதையே நம்மால் தாங்க முடிவதில்லை. ஊரறிய நேர்ந்த அந்த அவமானம் வெல்ஸை உடைத்துவிட்டது. உடல்நலம் குன்றியது. தொழிலை நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதுமாக இருந்தார். குளிப்பதற்கான தூவல் குழாய்க் கருவி ஒன்றைச் செய்து விற்கவும் முயன்றார்.

இதற்கிடையில், அவரிடம் தொழில் கற்றுச் சிறிது காலம் கூட்டாளியாகவும் இருந்த வில்லியம் மார்ட்டன், ஈதர் என்னும் மருந்தை முயன்று பார்த்தார். 1846 அக்டோபர் 16ஆம் நாள் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மார்ட்டன் ஈதர் கொடுத்து மயக்கிய நோயாளியின் கழுத்துக் கட்டியை அதே வாரன் வலியின்றி அகற்றினார். உலகம் வியந்தது. மார்ட்டனும், அவருக்கு ஆலோசனை கூறிய வேதியியல் அறிஞர் சார்லஸ் ஜாக்சனும் அதற்குக் காப்புரிமை பெற்றனர். பிறகு புகழ் யாருக்கு என்று அவர்களுக்குள்ளேயே வழக்காடினர். முதலில் வழி கண்டவர் தாமே என்று வெல்ஸ் சான்றுகளுடன் எழுதினார். பாரிஸ் நகரம்வரை சென்று முறையிட்டார்.

1848 ஜனவரியில் அவர் நியூயார்க்கில் தனியே தங்கியிருந்தார. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 1847 நவம்பரில், எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபாமை அறிமுகப்படுத்தியிருந்தார். அதையும் வெல்ஸ் தம்மீதே சோதித்தார். நாள்தோறும் முகர்ந்ததில் அறிவு தடுமாறியது. தமது 33ஆவது பிறந்தநாளன்று, தாம் என்ன செய்கிறோம் என்பதே தெரியாத நிலையில், தெருவில் சென்ற பெண்கள்மீது அமிலத்தை வீசிவிட்டார். காவலர் அவரைச் சிறையில் அடைத்தனர். மயக்கம் தெளிந்ததும் தம் செயலை எண்ணி உள்ளம் நொறுங்கினார். ஜனவரி 24ஆம் நாள் சிறையிலேயே தம் உயிரைப் போக்கிக்கொண்டார். அந்த முடிவு நம் நெஞ்சைப் பிழிகிறது. அவருடைய மகனுக்கு அப்போது எட்டு வயது. வலியற்ற அறுவை சிகிச்சைக்கு வழி கண்டவர் வெல்ஸே என்று பாரிஸ் மருத்துவ சங்கம் ஏற்றுக்கொண்டிருந்த செய்தி அமெரிக்கா வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆறுதலாக ஒருவர் அருகில் இருந்து, இன்னும் சில நாட்கள் அவர் பொறுத்திருந்தால்!

வெல்ஸ் மறைந்த நான்காம் நாள், 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தில் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் சிறுமிக்குக் கால்விரல் நகம் எடுப்பதற்காகக் குளோரோபாம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துவிட்டாள். குளோரோபாமினால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அதுவே. அவளுக்கு வயது 15. நம் வயதுதான்! வலியைப் போக்கும் மருந்து, கவனம் பிசகினால் உயிரையே போக்கும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

அதன்பின் மயக்கம் கொடுப்பது தனிக் கலையாகவும் அறிவியலாகவும் வளர்ந்தது. 1863இல் கோல்டன் மீண்டும் சிரிப்பூட்டும் வாயுவைப் பல் மருத்துவர்களிடம் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கானோர் வலியின்றிப் பல் எடுத்துக்கொண்டனர். வாயுவோடு ஆக்சிஜனையும் கலந்து கொடுத்தால் ஆபத்துக் குறையும் என்று சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் 1868இல் காட்டினார். இன்றைய கருவிகள் 30 சதவீதத்திற்குக் குறைவாக ஆக்சிஜன் செல்லாதபடி அமைந்துள்ளன. அச்சமுள்ள குழந்தைக்கு மூக்கின்மேல் சிறு கவசம் வைத்து அந்தக் கலவையைக் கொடுக்கிறார்கள். குழந்தை விழித்தபடியே அச்சம் தணிந்து அமைதியாக இருக்கும். கேட்டதற்குப் பதிலும் சொல்லும்.

மிகச் சிறு குழந்தைக்குப் பல பற்கள் சொத்தையாகிவிட்டால் அது போதாது. உடல், மன வளர்ச்சிக் குறைபாட்டால் அசையாமல் இருக்க இயலாத பிள்ளைகளுக்கும் அது போதாமல் போகலாம். அப்போதுதான் முழு மயக்கம் தேவைப்படுகிறது. பல் மருத்துவர் பல்லைக் கவனிக்க, மயக்க மருத்துவர் குழந்தையின் மூச்சையும் இதயத் துடிப்பையும் மட்டுமே கவனித்துக்கொண்டிருப்பார். விரலில் மாட்டிய சிறு கருவி இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும். வாயில் வேலை நடப்பதால், சுவாசக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாகச் செலுத்துவார்கள். ஆபத்து நேர்ந்தால் உடனே காப்பாற்றும் வசதி வேண்டும் என்பதற்காக, பல் சிகிச்சைக்கான முழு மயக்கத்தை மருத்துவமனையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று பிரிட்டனில் 2001ஆம் ஆண்டு முடிவோடு விதி செய்தார்கள்.

நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மயக்கம் கொடுப்பதற்கு 6 மணி நேரம் முன்பிருந்தே திட உணவு கொடுக்கக் கூடாது என்பார்கள். தம்பி பசியால் அழுகிறானே என்று இரக்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மயக்கத்தில் அது வாந்தியாக மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். அன்பும் அறிவோடு சேர்ந்தால்தான் காக்கும். மருத்துவர் எத்தனை மணி நேரம் சொல்கிறாரோ அத்தனை நேரமும் காப்பதே நாம் தம்பி தங்கையருக்குச் செய்யும் உதவி. அதைவிடப் பெரிய உதவி, சொத்தையே வராமல் தடுப்பது. காலையும் இரவும் பல் துலக்கிவிடுவோம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கவிடாதிருப்போம்.

வெல்ஸின் பெருமையை அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் 1864இலும், அமெரிக்க மருத்துவ சங்கம் 1870இலும் ஏற்றுப் போற்றின. ஹார்ட்ஃபோர்டு நகரப் பூங்காவில் அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது. பாரிஸிலும் சிலை வைத்தார்கள். ஆனால் பாஸ்டனில் அன்று சிரித்தவர்களில் ஒருவரேனும் எழுந்து நின்று, இன்னொரு முறை செய்து காட்டுங்கள் என்று கேட்டிருந்தால், அந்தச் சிலைகளைவிட அது அவருக்கு மேலானதாக இருந்திருக்கும்.

ஆகவே, அருமைத் தோழியரே, முயன்று தவறியவரைக் கண்டு நகையாதிருப்போம். தோற்று நிற்பவருக்கு ஒரு நல்ல சொல்லேனும் சொல்வோம். வலியின்றிக் கண்விழிக்கும் குழந்தையின் புன்னகையைக் காணும்போதெல்லாம், அதற்காகத் தம் பல்லையே முதலில் கொடுத்த ஹோரேஸ் வெல்ஸை நன்றியோடு நினைப்போம்.