படைப்பையும் பரிணாமத்தையும் ஒருசேர நம்பிய துறவி: தெயார் த ஷார்தனின் வாழ்வும் மௌனமும்

மரைன் ஹில் (அந்தமான் நிக்கோபார் தீவுகள்):

மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தெற்கு நோக்கி நீள்கிறது. அதன் நீர்மட்டத்திற்கு மேல் எழுந்த சிகரங்களே அந்தமான் நிக்கோபார் தீவுகள். அத்தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில், முன்னாள் போர்ட் பிளேரில், மரைன் ஹில் பகுதியில் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆயர் இல்லம் அமைந்துள்ளது. அதே மலைத்தொடருக்குக் கிழக்கே, பர்மாவின் ஐராவதி ஆற்றுப் படுகையில், 1937ஆம் ஆண்டின் இறுதியிலும் 1938ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் ஆதிமனிதனின் தடயங்களைத் தேடி வந்தார். இயேசு சபைத் துறவியும் புவியியல் அறிஞருமான பியேர் தெயார் த ஷார்தன் என்பது அவர் பெயர்.

உலகம் கடவுளால் படைக்கப்பட்டதா, பரிணாமத்தால் உருவானதா என்ற கேள்விக்கு இரண்டும் உண்மையே என்று விடையளித்தவர் அவர். அந்த விடைக்காகத் தமது ஆசிரியப் பணியையும், தாய்நாட்டில் வாழும் வாய்ப்பையும், தாம் எழுதிய முதன்மை நூல்களை அச்சில் காணும் பேற்றையும் இழந்தார். ஆயினும் குருத்துவத்தையும் சபையையும் விட்டு விலகவில்லை.

இரும்பிலிருந்து கல்லுக்கு

1881ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி பிரான்சின் ஓவெர்ன் பகுதியில், கிளெர்மோன்-ஃபெராண் நகருக்கு அருகிலுள்ள சார்செனாவில் தெயார் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் அவர் நான்காமவர். தந்தை இயற்கை ஆர்வலர். தாய் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். அழியாத பொருள் எது என்று தேடிய சிறுவன் முதலில் இரும்புத் துண்டுகளைச் சேர்த்து வைத்தான். அவை துருப்பிடிப்பதைக் கண்டு மனமுடைந்து கற்களின் பக்கம் திரும்பினான். எரிமலைகள் நிறைந்த ஓவெர்ன் மண்ணில் கற்களுக்குக் குறைவில்லை.

1899ஆம் ஆண்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1905 முதல் 1908 வரை எகிப்தின் கெய்ரோவில் சபை நடத்திய பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் கற்பித்தார். பின்னர் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் இறையியல் பயின்று, 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் தேதி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

ஹேஸ்டிங்ஸில் கிடைத்த ஓர் அறிமுகம் பிற்காலத்தில் அவருக்கு நெருடலாக அமைந்தது. சார்லஸ் டாசன் என்பவர் பில்ட்டவுன் என்ற இடத்தில் ஆதிமனிதனின் மண்டையோட்டைக் கண்டெடுத்ததாக 1912ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அதே இடத்தில் ஒரு கோரைப்பல்லைத் தெயார் கண்டெடுத்தார். அவை யாவும் போலி என்பது 1953ஆம் ஆண்டு அம்பலமானது. தெயார் மீதும் சிலர் ஐயம் எழுப்பினர். எனினும் 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு டாசனையே மோசடிக்காரராகச் சுட்டியது.

முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்தாமல், காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் பணியில் முன்னணிக் களத்தில் நின்றார். அப்போரில் உடன்பிறந்தோர் இருவரைப் பறிகொடுத்தார். அவருடைய துணிவுக்காகப் பிரெஞ்சு அரசு இராணுவப் பதக்கமும் லெஜியன் தொனர் விருதும் வழங்கியது. பின்னாளில் விரிவுபெற்ற அவரது சிந்தனைகளின் முதற்கட்டுரைகள் போர்க்களத்தில் எழுதப்பட்டவை.

ஒரு குறிப்பும் அதன் விலையும்

1922ஆம் ஆண்டு பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பாரிஸ் கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தில் புவியியல் கற்பித்தார். பிறவிப் பாவம் குறித்த திருச்சபையின் போதனையைப் பரிணாம அறிவியலோடு எவ்வாறு பொருத்திப் பார்ப்பது என்று அக்காலத்தில் ஒரு குறிப்பு எழுதினார். ஆதாம், ஏவாள் என்ற ஒரே இணையிலிருந்து மனித குலம் தோன்றியது என்பதைப் புதைபடிவச் சான்றுகளுடன் இணைப்பது எளிதன்று என்பதே அக்குறிப்பு எழுப்பிய சிக்கல். வெளியீட்டுக்காக எழுதப்படாத அக்குறிப்பு எவ்வாறோ ரோமைச் சென்றடைந்தது.

விளைவு கடுமையாக இருந்தது. திருச்சபையின் மரபான போதனையை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும், கற்பித்தலைக் கைவிட வேண்டும் எனச் சபைத் தலைமை பணித்தது. நண்பர்களுடன் கலந்தாலோசித்தபின் கையெழுத்திட்டார். 1926ஆம் ஆண்டு சீனாவுக்குப் புறப்பட்டார். மெய்யியலிலும் இறையியலிலும் எழுதுவதைத் தவிர்த்து, அறிவியல் ஆய்வோடு நிற்குமாறு அவர் அறிவுறுத்தப்பட்டார்.

அந்த நாடுகடத்தலே அவரை உலகறியச் செய்தது. பெய்ஜிங்குக்கு அருகிலுள்ள ஜோகோடியன் குகைகளில் 1929ஆம் ஆண்டு டிசம்பரில் சீன அறிஞர் பெய் வென்ஜோங் பெக்கிங் மனிதனின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அந்த ஆய்வுக் குழுவின் புவியியல் ஆலோசகராகத் தெயார் பணியாற்றினார். மனிதன் விலங்குலகிலிருந்து படிப்படியாக எழுந்தவன் என்பதற்கான பெருஞ்சான்று வெளிப்பட்ட இடத்திலேயே, அதைப் பற்றி இறையியல் பேசக் கூடாதெனத் தடுக்கப்பட்ட குருவானவர் நின்றிருந்தார்.

இந்தியாவில்

1935ஆம் ஆண்டு ஹெல்முட் டி டெர்ரா தலைமையிலான யேல்-கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவுடன் தெயார் இந்தியா வந்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டி வட்டாரம், காஷ்மீர், மத்திய இந்தியாவின் நர்மதைப் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் பழங்கற்காலக் கருவிகளையும் அவை கிடந்த மண் அடுக்குகளையும் ஆராய்ந்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு அக்குழுவின் பணி அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. அதே நர்மதைப் பள்ளத்தாக்கில், ஹத்நோரா என்ற இடத்தில், 1982ஆம் ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அருண் சோனகியா ஆதிமனித மண்டையோட்டின் ஒரு பகுதியைக் கண்டெடுத்தார்.

கடவுள் எங்கே நிற்கிறார்

1938 முதல் 1940 வரை பெய்ஜிங்கில் தெயார் எழுதிய 'மனிதன் என்னும் நிகழ்வு' அவரது சிந்தனையின் தொகுப்பாகும். பருப்பொருள் மேன்மேலும் சிக்கலான அமைப்புகளைப் பெறுகையில் உணர்வும் வளர்கிறது. பாறைக்கோளத்தின் மேல் உயிர்க்கோளம் படர்ந்ததுபோல், உயிர்க்கோளத்தின் மேல் மனித சிந்தனையின் கோளம் படர்ந்துவருகிறது. இந்த ஏற்றம் இறுதியில் ஒமேகா என்று அவர் பெயரிட்ட நிறைவில் ஒன்றுகூடும். அந்த நிறைவில் அவர் கிறிஸ்துவைக் கண்டார்.

இக்கருத்து, பிற்காலத்தில் அமெரிக்காவில் எழுந்த அறிவார்ந்த வடிவமைப்புக் கோட்பாட்டிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. உயிரின் சில உறுப்புகள் தாமாக உருவாக முடியாத அளவு சிக்கலானவை. எனவே அங்கு ஒரு வடிவமைப்பாளர் தலையிட்டிருக்க வேண்டும் என்பது அக்கோட்பாடு. தெயாரின் பார்வையில் கடவுள் இயற்கையின் இடைவெளிகளை நிரப்பும் கைவினைஞர் அல்லர். உலகம் தன்னைத்தானே உருவாக்கிக்கொள்ளும் ஆற்றலையே கடவுள் அதற்கு அளித்துள்ளார். அதனால் அறிவியல் ஓர் இடைவெளியை விளக்கிவிட்டால் கடவுளுக்கு இடம் குறையும் என்ற அச்சம் அவருக்கு இல்லை.

அறிவியலாளர்கள் அனைவரும் அவரை ஏற்கவில்லை. பரிணாமத்திற்கு ஓர் இலக்கு உண்டு என்பதற்கு உயிரியலில் சான்றில்லை என்பது பலரின் நிலைப்பாடு. நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார் 1961ஆம் ஆண்டு அந்நூலைக் கடுமையாகச் சாடினார். மாறாக, இறைநம்பிக்கையற்ற உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி அதன் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதினார்.

அச்சேறாத ஏடுகள்

நூலை வெளியிட ரோம் அனுமதி மறுத்தது. 1948ஆம் ஆண்டு நேரில் சென்று வேண்டியும் பயனில்லை. கொலேஜ் த பிரான்ஸ் பேராசிரியர் பதவியை ஏற்கவும் இசைவு கிட்டவில்லை. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஒரு சுற்றுமடலை வெளியிட்டார். மனித உடல் முந்தைய உயிரினத்திலிருந்து தோன்றியதா என்பதை அறிஞர்கள் ஆராயலாம். ஆன்மாவோ கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது. மனித குலம் பல முன்னோரிடமிருந்து தோன்றியது என்ற கருத்தை ஏற்க இயலாது என அம்மடல் வரையறுத்தது. பரிணாமத்திற்கு ஒரு கதவு திறந்தது. தெயார் முன்பு குறிப்பெழுதிய கதவோ மூடியே இருந்தது.

1951ஆம் ஆண்டு அவர் நியூயார்க்கில் குடியேறினார். தமது கையெழுத்துப் படிகளைச் சபையிடம் அன்றி, செயலாளர் ஷான் மோர்த்தியேயிடம் ஒப்படைத்தார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, உயிர்ப்புப் பெருவிழா நாளில், தம் 73ஆம் வயதில் காலமானார். ஹட்சன் ஆற்றங்கரையில் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டே 'மனிதன் என்னும் நிகழ்வு' பாரிஸில் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

மெல்ல மாறிய காற்று

1962ஆம் ஆண்டு திருப்பீடம் அவரது எழுத்துகளில் ஐயத்திற்குரியனவும் பிழைகளும் உள்ளன என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கை தொடர்கிறது என 1981ஆம் ஆண்டும் தெளிவுபடுத்தியது. ஆயினும் பரிணாமம் பற்றிய திருச்சபையின் பார்வை விரிந்தது. பரிணாமத்தை வெறும் கருதுகோளாக மட்டும் கொள்ள இயலாது என்று 1996ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையின் அறிவியல் கழகத்திடம் தெரிவித்தார்.

2005ஆம் ஆண்டு வியன்னாவின் கர்தினால் கிறிஸ்டோஃப் ஷோன்போர்ன் அறிவார்ந்த வடிவமைப்புக்கு ஆதரவாகப் பேசியதாகக் கருதப்பட்ட கட்டுரை ஒன்று சர்ச்சையைக் கிளப்பியது. வத்திக்கான் வானியல் ஆய்வகத்தின் இயக்குநரும் இயேசு சபைத் துறவியுமான ஜார்ஜ் கோய்ன் அதை வெளிப்படையாக மறுத்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் டோவர் பள்ளி வழக்கில், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலன்று எனத் தீர்ப்பு வந்தது. அதற்கு எதிராகச் சாட்சியமளித்தவர்களுள் கத்தோலிக்க உயிரியலாளர் கென்னத் மில்லரும் ஒருவர்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009ஆம் ஆண்டு தெயாரின் சிந்தனையைப் பாராட்டிக் குறிப்பிட்டார். 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுச்சூழல் குறித்த தமது சுற்றுமடலில் அவரது பங்களிப்பை நினைவுகூர்ந்தார். 2017ஆம் ஆண்டு திருப்பீடத்தின் பண்பாட்டு அவையின் கூட்டத்தில், 1962ஆம் ஆண்டு எச்சரிக்கையை நீக்குமாறு கோரிக்கை எழுந்தது. இறையியல் பேசக் கூடாதெனச் சீனாவுக்கு அனுப்பப்பட்ட குருவானவரின் பெயர், அவரைத் தடுத்த அதே திருச்சபையின் போதனை ஏட்டில் இன்று இடம்பெற்றுள்ளது.