ஸர் தாமஸ் லாடர் பிரண்டன்

மார்பு வலியுற்ற முதியோர் நாவின் அடியில் சிறு மாத்திரையொன்றை இட்டுச் சில நிமிடங்களில் நோவு தணியப் பெறுதலை, நம் தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதி இல்லங்களிலும் காண்கின்றோம். அம்மாத்திரையின் வரலாற்றை ஆராயப் புகின், அது 23 வயதினரான ஓர் இளைஞரிடம் நம்மைக் கொண்டு செல்கின்றது. அவரே பிற்காலத்தில் ஸர் பட்டம் பெற்ற தாமஸ் லாடர் பிரண்டன் ஆவார்.

ஸ்காத்லாந்து தேசத்தில் 1844-ஆம் ஆண்டில் பிறந்த இவர், எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1866-இல் பட்டம் பெற்று, அந்நகரத்து மருத்துவமனையிலேயே பணிபுரியலானார். ஆங்கு இரவுதோறும் மார்பு வலியால் வருந்திய நோயாளி ஒருவர் இருந்தார். மருந்துகள் பல பயனற்றுப் போயின. சிறிது குருதியை வெளியேற்றிய பொழுது மட்டுமே வலி தணிந்தது. நாடித் துடிப்பை வரைந்து காட்டும் கருவியால் ஆராய்ந்த பிரண்டன், வலி எழுந்தபோது தமனிகளில் இரத்த அழுத்தமும் மிகுதலைக் கண்டார். குருதி நீங்கியதனால் அழுத்தம் குறைந்தமையே வலி தணிந்தமைக்குக் காரணமாகலாம் என எண்ணினார்.

அமைல் நைட்ரைட் என்னும் திரவத்தை முகர்ந்தோர்க்கு முகம் சிவத்தலும், இரத்த அழுத்தம் தாழ்தலும் முன்னரே அறிஞர் சிலரால் அறியப்பட்டிருந்தன. அதன் சில துளிகளைத் துணியில் இட்டு நோயாளியை முகரச் செய்தார் பிரண்டன். ஒரு நிமிடத்திற்குள் வலி அகன்றது. இதனை 1867-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். வெடிமருந்திற்கு உதவும் நைட்ரோகிளிசரினும் இவ்வாறே பயன்படுதலை, 1879-இல் வில்லியம் மரல் என்பார் காட்டினார். அதனைக் கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டிய ஆல்பிரட் நோபலுக்கே, இறுதிக் காலத்தில் இருதய நோய்க்கு அது மருந்தாக விதிக்கப்பட்டது வியப்பன்றோ!

இவ்வின மருந்துகள் உதவும் முறையை நோக்குவோம். உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்தும் இருதயம், தன் தசைக்கு வேண்டும் இரத்தத்தைத் தன்னைச் சூழ்ந்த தமனிகளின் வாயிலாகவே பெறுகின்றது. அவை கொழுப்புப் படிந்து குறுகின், உழைப்பு மிகுங்கால் பிராணவாயு போதாமல் வலி எழுகின்றது. மருந்து அத்தமனிகளை விரித்து இரத்தத்தைப் பெருக்குதலாலேயே நோவு தீரும் எனப் பலர் கருதுவர். அஃது ஒரு பகுதியே. சிரைகள் நெகிழ, இரத்தம் அவற்றில் தங்கி, இருதயத்திற்குத் திரும்புவது குறைகின்றது. சுமை குறையவே அதன் தேவையும் குறைகின்றது. வரவு சிறிது பெருகுதலினும் செலவு சுருங்குதலே ஈண்டுப் பெரும்பயன் தருவது. இரத்தக் குழாய்களை விரிப்பன யாவும் நன்மையே செய்யும் என்றலும் பொருந்தாது. நுண்ணிய குழாய்களை மட்டும் விரிக்கும் சில மருந்துகள், நோயற்ற பகுதிக்கே இரத்தத்தை ஈர்த்து, நோயுற்ற பகுதியை வறுமையுறச் செய்தலும் உண்டு.

பிரண்டன் நம் நாட்டிற்கும் வந்தவர். குளோரபாரம் ஊட்டப்பட்டோர் இறத்தலின் காரணத்தை ஆராய 1889-இல் ஹைதராபாத் அடைந்து, நூற்றுக்கணக்கான விலங்குகளிடம் நிகழ்ந்த சோதனைகளைக் கண்டு, முதலில் நிற்பது மூச்சே எனத் தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டார். இருதயமே திடீரென நிற்றலும் உண்டு என்பது பிற்காலத்து ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. ஆகவே அவர் முடிபுகள் யாவும் நிலைத்தன அல்ல. கண்ட சான்றுக்கு இணங்கி நடந்த அவர்தம் மனப்பாங்கே நிலைத்தது.

1916-இல் அவர் மறைந்தார். காரணம் முழுவதும் விளங்கட்டும் எனக் காத்திராமல், கண்டதனைக் கொண்டு சிந்தித்து ஒருவர் துயரைத் தீர்த்த அந்நாளில், அவர் நம்மினும் நான்கு ஆண்டே மூத்தவர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.