சுவாந்தே அரீனியஸ்

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், மரப்பாலை உறைய வைக்கப் பார்மிக் காடியும், உறையாமல் காக்க அம்மோனியா என்னும் காரமும் பயன்பட்டதை நாம் அறிவோம். இவ்விரண்டையும் அயனிகளைக் கொண்டு விளக்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் சுவாந்தே அரீனியஸ் (1859–1927).

கரைசல்களில் மின்சாரம் பாய்வது பற்றி 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேடு அளித்தார். பேராசிரியர்கள் நம்பாது, தாழ்ந்த தரமே வழங்கினர். அறிஞர் ஒஸ்ட்வால்ட் நேரில் வந்து பாராட்டிய பின்னரே விரிவுரையாளர் பதவி கிட்டிற்று. அரீனியஸ் தளரவில்லை. கரைந்த பொருள் அயனிகள் என்னும் மின்னேற்றத் துகள்களாகப் பிரிகிறது என்று 1887இல் விளக்கினார். நீரில் ஹைட்ரஜன் அயனி தருவது காடி. ஹைட்ராக்சைடு அயனி தருவது காரம் என்றாயிற்று. அக்கொள்கையே 1903இல் நோபல் பரிசைத் தேடித் தந்தது.

ஆயினும், நம் அம்மோனியாவில் ஹைட்ராக்சைடு இல்லையே! 1923இல் பிரான்ஸ்டெட், லௌரி இருவரும் தனித்தனியே அதைத் தீர்த்தனர்: புரோட்டானைக் கொடுப்பது காடி, ஏற்பது காரம். அம்மோனியா அதனை நீரிடமிருந்து ஏற்கிறது. அரீனியஸ் அப்போது உயிருடன் இருந்தார்.