பாலில் மறைந்திருந்த பகை: அலிஸ் எவன்ஸ்

பால் பொங்கி எழும்வரை அடுப்படியை விட்டு நகரக்கூடாது என்பது எங்கள் வீட்டில் உம்மாவின் சட்டம். பாலை ஏன் காய்ச்ச வேண்டும் என்று சிறுவயதில் கேட்டால், பச்சைப் பால் உடம்புக்கு ஆகாது என்பதோடு பதில் முடிந்துவிடும். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தச் சிறு பதிலை உலகம் ஏற்றுக்கொள்வதற்காக ஒரு பெண் எத்தனை ஆண்டுகள் போராடினார் என்பதை அறிந்தேன். அவர்தான் அலிஸ் கத்தரின் எவன்ஸ்.

1881ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நீத் என்னும் சிற்றூரில், வேல்ஸ் நாட்டு வழிவந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் அலிஸ் பிறந்தார். ஊர்ப் பாடசாலையில் படித்தார். பின்னர் அருகிலுள்ள நகரின் கல்லூரியில் கற்றார். அக்காலத்தில் படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த வாசல்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று ஆசிரியத் தொழில். அலிஸும் நான்கு ஆண்டுகள் சிறுவர்களுக்குக் கற்பித்தார். அந்த வேலையில் அவருடைய மனம் நிறையவில்லை.

கிராமப்புற ஆசிரியர்களுக்காகக் கோர்னெல் பல்கலைக்கழகம் கட்டணமின்றி ஒரு பாடநெறியை நடத்தியது. இயற்கையைப் பற்றிக் கற்பிக்கும் அந்தப் பாடநெறிக்குச் சென்றவர், அங்கேயே அறிவியலில் மனதைப் பறிகொடுத்தார். புலமைப்பரிசில் கிடைத்தது. 1909இல் பற்றீரியாவியலில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும்படி ஊக்கமளிக்கப்பட்டபோதும், பணமும் உடல்வலுவும் இடம்கொடுக்காததால் வேலைக்குச் சென்றார். பிற்காலத்தில் அந்தப் பட்டம் இல்லாததையே ஒரு குறையாகச் சொல்லப் போகிறார்கள் என்று அப்போது அவர் நினைத்திருக்க மாட்டார்.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பாற்பண்ணைப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. 1913இல் வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். ஆய்வாளராக ஒரு பெண் வரப்போகிறார் என்ற செய்தி கேட்டு அங்கிருந்த அதிகாரிகள் கதிரையிலிருந்து விழாத குறையாகத் திகைத்தார்களாம். அந்தப் பிரிவில் நிரந்தர நியமனம் பெற்ற முதலாவது பெண் அறிவியலாளர் அவரே.

அவர் செய்த கண்டுபிடிப்பை விளங்கிக்கொள்ள, இரண்டு நோய்களை அறிய வேண்டும். ஒன்று, மத்தியதரைக் கடலிலுள்ள மோல்ட்டாத் தீவில் படைவீரரை வாட்டிய காய்ச்சல். வாரக்கணக்கில் ஏறி இறங்கும் அந்தக் காய்ச்சலின் கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் அறிவித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. 1905இல் மோல்ட்டா மருத்துவரான தெமி சம்மித் ஆடுகளின் குருதியைச் சோதித்தார். நோயின் அறிகுறி எதுவுமில்லாமல் நின்ற ஆடுகளின் குருதியிலேயே அந்தக் கிருமிக்கு எதிரான பொருட்கள் இருந்தன. அந்த ஆடுகளின் பாலே நோயைப் பரப்பியது. படைவீரருக்கு ஆட்டுப்பால் தடைசெய்யப்பட்டதும் அவர்களிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

மற்றையது, மாடுகள் மாதம் நிறையுமுன் கன்றை வீசிவிடும் தொற்றுக் கருச்சிதைவு. அதன் கிருமியை 1897இல் டென்மார்க்கைச் சேர்ந்த பேர்ன்ஹார்ட் பாங் கண்டுபிடித்தார். அது மாட்டுக்கு வரும் நோய், மனிதருக்கு அதனால் தீங்கில்லை என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். புரூஸின் கிருமி உருண்டை வடிவம் என்றும், பாங்கின் கிருமி கோல் வடிவம் என்றும் எழுதி வைக்கப்பட்டிருந்ததால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எண்ணமே பெரும்பாலானோருக்கு எழவில்லை.

அலிஸ் பார்த்தார். இரண்டையும் ஒரே வகை ஊடகத்தில் வளர்த்து, ஒரே சோதனைகளுக்கு உட்படுத்தினார். ஆட்டின் கிருமியும் மாட்டின் கிருமியும் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒன்றையொன்று ஒத்திருந்தன. நலமாகத் தோன்றும் பசுக்களின் மடியிலிருந்து அப்போதுதான் கறந்த பாலிலும் இந்தக் கிருமி இருக்கக்கூடும். அப்படியானால் பச்சைப் பாலைக் குடிப்பவர்களுக்கு என்ன நேரும்? இந்தக் கேள்வியுடன் 1917இல் பற்றீரியாவியலாளர் சங்கத்தின் முன் நின்றார். அடுத்த ஆண்டு தம் ஆய்வை வெளியிட்டார். பாலைப் பாச்சர் முறையில் சூடாக்கியே விற்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்த முடிவு.

யாரும் நம்பவில்லை. இது உண்மையானால் இத்தனை பெரிய அறிஞர்கள் காணாமல் விட்டிருப்பார்களா என்று கேட்டார்கள். சொன்னவர் ஒரு பெண். கலாநிதிப் பட்டமும் இல்லாதவர். அக்காலத்தில் பெரும் புகழுடன் விளங்கிய தியோபால்ட் ஸ்மித்தும் அவரை எதிர்த்தார். பாலைச் சூடாக்கும் இயந்திரங்களை விற்பவர்களுடன் கூட்டுச் சேர்ந்து பேசுகிறார் என்று பாற்பண்ணையாளர்கள் பழி சுமத்தினர். அலிஸ் வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை. 1918இல் பொதுச் சுகாதாரச் சேவையின் ஆய்வுகூடத்துக்கு மாறி, மூளைக்காய்ச்சல் பற்றி ஆராய்ந்தார்.

1920இல் கலிபோர்னியாவில் கார்ல் மேயரின் ஆய்வுகூடம் அவருடைய முடிவை உறுதிசெய்தது. புரூஸின் நினைவாக இந்தக் கிருமி இனத்துக்குப் புரூசெல்லா என்ற பெயர் வந்தது. பின்னர் பல நாடுகளிலும் பச்சைப் பால் குடித்தவர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. 1930களில் அமெரிக்காவில் பாலைச் சூடாக்குவது பரவலாகக் கட்டாயமானது.

ஆனால் அதற்கிடையில் அந்தக் கிருமி அவரையே பிடித்துக்கொண்டது. 1922இல் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும்போது தொற்று ஏற்பட்டது. காய்ச்சல், மூட்டுவலி, எழுந்திருக்க முடியாத சோர்வு ஆகியன சில மாதம் விட்டுப் பின் திரும்பவும் வந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. நோய் நீண்டபோது, உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் நரம்புத் தளர்ச்சியும் மனக் கற்பனையும்தான் என்று மருத்துவர்கள் எண்ணினர். சில ஆண்டுகளின் பின் செய்யப்பட்ட ஒரு சத்திரசிகிச்சையின்போது அவர் உடலிலிருந்து அந்தக் கிருமி பிரித்தெடுக்கப்பட்ட பிறகே அவருடைய வலி உண்மையென்று ஏற்கப்பட்டது. அவர் வரலாற்றில் என் மனதை மிகவும் வருத்திய பகுதி இதுதான். முதலில் அவருடைய ஆய்வை நம்பவில்லை. பிறகு அவருடைய நோயையும் நம்பவில்லை. அவரைப்போல நோயை நிரூபிக்க வழியில்லாமல், சோம்பேறி என்று பெயரெடுத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களுக்காகவும் அலிஸ் பேசினார். நாட்பட்ட இந்நோய் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்தார்.

1928இல் எந்தச் சங்கத்தின் முன் நின்று பேசினாரோ அதே சங்கத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதலாவது பெண் அவர். 1930இல் பாரிஸில் நடந்த நுண்ணுயிரியல் மாநாட்டுக்கு அமெரிக்கப் பிரதிநிதியாகச் சென்றார். பட்டம் இல்லை என்று ஒதுக்கப்பட்டவரைத் தேடிக் கௌரவ கலாநிதிப் பட்டங்களும் வந்தன. 1945இல் ஓய்வுபெற்ற பின், அறிவியலில் பெண்களுக்குள்ள வாய்ப்புகளைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். 1975 செப்டெம்பர் 5ஆந் திகதி, தமது 94ஆவது வயதில் காலமானார்.

அவர் காட்டிய உறவின் பயன் மாட்டுத் தொழுவத்தோடு நிற்கவில்லை. செம்மறியாடும் வெள்ளாடும் வளர்க்கும் நாடுகளில் புரூசெல்லா இன்றும் மந்தைகளில் குட்டிகளை அழித்து, மேய்ப்பர் குடும்பங்களையும் படுக்கையில் தள்ளுகிறது. 1950களில் கலிபோர்னியாவில் சான்ஃபர்ட் எல்பர்க் குழுவினர் ரெவ் 1 என்ற தடுப்பு மருந்தை உருவாக்கினர். இது வலுவிழந்த உயிருள்ள கிருமி. மூன்று முதல் ஆறு மாத வயதுக் குட்டிகளுக்குக் கண்ணில் ஒரு துளியாக இடலாம். சினையாட்டுக்குக் கொடுத்தால் அதுவே கருவைச் சிதைத்துவிடக்கூடும்.

குருதிப் பரிசோதனை எளிது. சாயமேற்றிய இறந்த கிருமிகளுடன் ஆட்டின் குருதிப் பாயத்தை ஒரு துளி கலந்தால், நோய் தொற்றிய ஆடாயின் சில நிமிடங்களில் திரண்டு கட்டிகட்டியாகும். ஆனால் தடுப்பு மருந்து பெற்ற ஆட்டின் குருதியும் அதேபோலத் திரளலாம். ஆகவே எந்த ஆட்டுக்கு எப்போது மருந்து கொடுக்கப்பட்டது என்ற பதிவு இல்லாவிட்டால், நலமான ஆட்டை நோயாளியென்று கொன்றுவிட நேரும். ஒரு பரிசோதனையின் விடையை வாசிப்பதற்கும், அந்த உயிரின் கதையைக் கேட்க வேண்டியிருக்கிறது. அலிஸின் மருத்துவர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இப்போதெல்லாம் உம்மா சொல்லாமலே நான் பால்ச்சட்டியின் பக்கத்தில் நிற்கிறேன். பால் நுரைத்து மேலெழும்போது, ஒருவரும் நம்பாத நாட்களிலும் தான் கண்டதைக் கண்டதாகவே சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கிராமத்து ஆசிரியை நினைவுக்கு வருகிறார்.