பாறையோடு போராடிய டாக்டர்!



கடலில் பனிமலை மிதந்து வந்தால், மாலுமியின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால், தண்ணீருக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும் சின்னப் பாறை? கப்பல் 'டமார்' என்று மோதிய பிறகுதான் தெரியும்! அப்படிப்பட்ட பாறைகளோடு போராடியவர்தான் ஜான் பாப்டிஸ்ட் ஷார்கோ.

இவர் 1867ல் பிரான்ஸ் நாட்டில் பிறந்தார். அப்பா, உலகப் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர். மகனும் டாக்டருக்குப் படித்தார். மனசு மட்டும் கடலிலேயே இருந்தது. தன் படகுகளுக்கு அவர் வைத்த பெயர், 'புர்குவா பா?' பிரெஞ்சு மொழியில், 'ஏன் கூடாது?' என்று பொருள்.

1903ல், 'பிரான்சே' என்ற கப்பலில் அண்டார்டிகா புறப்பட்டார். அந்தக் கடற்கரைக்கு அப்போது சரியான வரைபடம் கிடையாது. 1905 ஜனவரியில், அடிலெய்டு தீவு அருகே, மூழ்கிக் கிடந்த பாறையில் கப்பல் மோதியது. தண்ணீர் உள்ளே புகுந்தது. மாலுமிகள் இரவு பகலாகக் கையாலேயே பம்பு அடித்துக் கப்பலைக் காப்பாற்றினர்.

ஷார்கோ பயந்துவிட்டாரா? இல்லை! 1908ல், 'புர்குவா பா?' என்றே பெயரிட்ட புதிய கப்பலில் மறுபடியும் கிளம்பினார். 1909ல் அதுவும் பாறையில் மோதி, அடிப்பகுதி சேதமானது. கடலுக்குள் இறங்கிப் பார்த்த முக்குளிப்பவர், பனிக்கடலுக்குள் போக வேண்டாம் என்று எச்சரித்தார். ஷார்கோவோ துணிந்து போனார். 1910ல் புதிய நிலம் ஒன்றைக் கண்டு, அதற்கு அப்பாவின் பெயரைச் சூட்டினார். சுமார் 2,000 கிலோமீட்டர் கடற்கரையை அளந்து, வரைபடமாக்கினார் அவர் குழுவினர். பின்னால் வந்த கப்பல்களுக்கு அவை பல ஆண்டுகள் வழிகாட்டின.

1936 செப்டம்பரில், கிரீன்லாந்து பயணம் முடிந்து ஊர் திரும்பிக் கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஐஸ்லாந்து அருகே பெரும்புயல்! 16ம் தேதி அதிகாலை, கரையோரப் பாறைகளில் மோதி உடைந்தது 'புர்குவா பா?' கப்பலில் வளர்ந்த கடற்புறா ஒன்றைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டாராம் ஷார்கோ. கப்பலில் இருந்தவர்களில், பிழைத்தவர் ஒருவரே. ஷார்கோ பிழைக்கவில்லை.

கடல் வரைபடங்களில், ஆபத்தான பாறை இருக்கும் இடத்தில் சிறு சிலுவைக் குறி போட்டிருப்பார்கள். அதை எங்காவது பார்த்தால், ஷார்கோவை நினைத்துக் கொள்ளுங்கள். அடுத்தவர் பத்திரமாகப் போக வேண்டும் என்பதற்காக, யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கண்டுபிடித்த இடமாக அது இருக்கலாம்!