மாருதி என்ஜினில் ரேஸ் கார் கட்டிய கரிவரதன்

சிஷ்யர் உலகப் பந்தயத்துக்குப் போனார். பார்க்க குரு இல்லை

திருப்பூரில் பஸ் ஏறி அவினாசி ரோடு வழியாக கோவை காந்திபுரம் போகிறவர்களுக்கு லட்சுமி மில் ஸ்டாப் நன்றாகத் தெரியும். கண்டக்டர் சொல்லாமலே இறங்கிக் கொள்வார்கள். மில் இருந்த இடத்தில் இப்போது பெரிய பெரிய கடைகள் வந்து விட்டன. ஸ்டாப்பின் பெயர் மட்டும் மாறவில்லை.

1910-ல் ஜி.குப்புசாமி நாயுடு தொடங்கிய மில் அது. அந்தக் குடும்பத்தில் 1954-ல் பிறந்தவர் தான் கார் பந்தய வீரர் எஸ்.கரிவரதன். நண்பர்கள் கரி என்று கூப்பிடுவார்கள்.

மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தாலே ஏழு தலைமுறைக்குப் போதும். ஆனால் மனுஷனுக்கு கை நிறைய கிரீஸ் இருந்தால் தான் தூக்கம் வரும்!

சோழவரத்தில் கூட்டம்

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கார் ரேஸ் என்றால் சோழவரம் தான். மெட்ராசுக்கு வடக்கே, இரண்டாம் உலக யுத்தத்தின் போது போட்ட விமான ஓடுதளம். யுத்தம் முடிந்து விமானங்கள் போய்விட்டன. சும்மா கிடந்த அந்த சிமெண்டுத் தரையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் ரேஸ் நடத்தினார்கள். வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும்.

ஓட்டியவர்கள் யார்? ராஜா வீட்டுப் பிள்ளைகள், கம்பெனி முதலாளிகள். பிற்பாடு சாராய வியாபாரத்தில் பேர் போன விஜய் மல்லையாவும் அங்கே கார் ஓட்டியவர் தான். அவர் ஓட்டியது வெளிநாட்டில் இருந்து வந்த ஃபார்முலா ஒன் காராக்கும்!

மற்றவர்கள் ஃபியட், ஹெரால்டு மாதிரி வீட்டுக் கார்களைப் பிரித்து மேய்ந்து, சீட்டைக் கழற்றி, என்ஜினைக் கடைந்து கொண்டு வருவார்கள். ரேஸ் காரை வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்ய வேண்டும் என்றால் சுங்க வரியே கழுத்தைப் பிடிக்கும். கார் வாங்கினாலும் ஒரு சின்ன பாகம் உடைந்து போனால் அதோடு முடிந்தது. சீமையில் இருந்து அது வந்து சேர்வதற்குள் அடுத்த வருஷம் ரேஸ் வந்து விடும்.

கரிவரதன் 1970-களிலும் 80-களிலும் அங்கே முன்வரிசை வீரர். கப்புகளை வாங்கி அலமாரியில் அடுக்கியதோடு நின்றிருந்தால், இன்று அவரைப் பற்றி எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது. சோழவரத்தில் ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பாதிப் பேர் பெயர் யாருக்கு ஞாபகம்?

பட்டறையில் பிறந்த கார்

கோவை ஊருக்கு ஒரு குணம் உண்டு. வெளியூரில் ஒரு மெஷினைப் பார்த்தால் வாங்கி வர மாட்டார்கள். பார்த்து விட்டு வந்து செய்து விடுவார்கள். ஜி.டி.நாயுடு காலத்தில் இருந்தே அப்படி. பம்பு செட்டு, மோட்டார், மில் மெஷின் பாகம் என்று சந்துக்குச் சந்து லேத் பட்டறை, ஃபவுண்டரி. திருப்பூரில் நிட்டிங், கட்டிங், செக்கிங் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் தானே பனியன் விலை கட்டுப்படியாகிறது? அதே கணக்கை கரிவரதன் ரேஸ் காருக்குப் போட்டார்.

1983 டிசம்பரில் மாருதி 800 கார் ரோட்டுக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். சின்ன என்ஜின் தான். ஆனால் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் தொடுவான். அந்த என்ஜினை எடுத்தார் கரி. இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துக் கூடு கட்டினார். மேலே ஃபைபர் கிளாஸ் உடம்பு. குடும்பக் காரில் முன்னால் இருந்த என்ஜின், டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போனது. ஒரே ஆள் உட்காரும் குட்டி ரேஸ் கார் தயார்!

1988-ல் வந்த அந்தக் காருக்கு ஃபிஸ்மி என்று பெயர். ஜனங்கள் ஃபார்முலா மாருதி என்றே சொன்னார்கள். கரியின் சூப்பர் ஸ்பீட்ஸ் கம்பெனி அதைக் கட்டிக் கொடுத்தது.

வேகத்தில் அது வெளிநாட்டுக் கார் பக்கத்தில் கூட நிற்காது. விஷயம் வேகத்தில் இல்லை. எல்லாக் காரும் ஒரே அச்சு. அது தான் விஷயம்.

பனியன் கம்பெனியில் இரண்டு டெய்லர்களுக்கு ஒரே மாதிரி பவர் டேபிள், ஒரே துணி கொடுத்தால் யார் கை சுத்தம் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்து விடும். ஒருத்தருக்குப் புது மெஷின், இன்னொருத்தருக்கு ஓட்டை மெஷின் என்றால் என்ன தெரியும்? அதுவரை சோழவரத்தில் நடந்தது அது தான். பர்சு தடித்தவன் ஜெயித்தான். கரியின் காரில் கையும் காலும் நிதானமும் உள்ளவன் ஜெயித்தான்.

பணம் உள்ள ஒருத்தர், பணத்தால் ஜெயிக்க முடியாத ஒரு பந்தயத்தை உண்டாக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. தானும் ஓட்டினார், சின்னப் பையன்களையும் ஓட்ட விட்டார், நுணுக்கம் சொல்லிக் கொடுத்தார்.

சொந்தக்காரப் பையன்

அந்தக் காரில் ஏறிய பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். கரிக்குச் சொந்தக்காரர். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயனும் ராலி சாம்பியன்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேசுக்கு என்றே நிரந்தரத் தடம் திறந்தார்கள். சோழவரம் கதை முடிந்தது. நரேன் ஃபார்முலா மாருதியில் இறங்கி முதல் ரேசிலேயே முதல் மூன்று இடத்துக்குள் வந்து விட்டார். அடுத்து பிரான்சு தேசத்தில் ரேஸ் ஸ்கூல், அதற்கு அடுத்து இங்கிலாந்து. 1994-ல் அங்கே ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலப் போட்டியில் சாம்பியன். கோவைப் பையன் வெள்ளைக்காரன் ஊரில் கப்பு வாங்கி விட்டான் என்று கரி கேட்ட பெரிய சந்தோஷ செய்தி அது.

ஆகாயத்தில் வந்த எமன்

1995 ஆகஸ்டு மாதம். சிறிய விமானம் ஒன்று விபத்தில் சிக்கியது. அதில் கரிவரதன் பரிதாபமாக இறந்து போனார். வயது நாற்பதை ஒட்டித் தான். ரேஸ் தடத்தில் எத்தனை முறை தப்பிய உயிரோ, ஆகாயத்தில் போய் விட்டது.

மறு வருஷமே, 1996-ல், நரேன் ஃபார்முலா ஏசியா சாம்பியன் ஆனார். 2005-ல் ஜோர்டன் கம்பெனி காரில் ஏறி ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த ரேசில், டயர் வெடித்து விடும் என்று பயந்து 14 கார்கள் தொடக்கத்திலேயே ஒதுங்கிக் கொண்டன. மிச்சம் ஓடிய 6 கார்களில் நரேன் நாலாவது. அதிர்ஷ்டம் தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும், ஓடியவனுக்குத் தானே மார்க்கு!

2010-ல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். அவரும் 2000-ல் ஃபார்முலா மாருதியில் தான் ஆரம்பித்தார். கரி இறந்து ஐந்து வருஷம் கழித்து! இதுவரை ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் கரி போட்ட காரில் இருந்து கிளம்பியவர்கள்.

செட்டிபாளையம் தடம்

கரியோடு கார் கட்டியவரும் ரேஸ் வீரருமான பி.விஜயகுமார் பட்டறையை மூட விடவில்லை. கோவை அருகே செட்டிபாளையத்தில் ரேஸ் தடமும் போட்டார்கள். 2003-ல் திறந்தார்கள். பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. பல்லடத்தில் இருந்து செட்டிபாளையம் ரோட்டைப் பிடித்தால் கோவை டவுனுக்குள் போகாமலே போய்ச் சேரலாம். தேசிய ரேஸ்கள் அங்கே நடக்கின்றன.

இப்போது பையன்கள் கோ கார்ட்டில் இருந்து தொடங்குகிறார்கள். மேல்கூடு இல்லாத கட்டை வண்டி. தரையோடு தரையாக ஓடும். ரோட்டில் உள்ள குழி முதுகெலும்பில் தெரியும். கரியின் காலத்தில் இங்கே அந்த வசதி பெரிதாகக் கிடையாது. அப்பா பர்சைத் திறக்காமல் இன்றைக்கும் மேலே போக முடியாது என்பது வேறு சங்கதி. அந்தப் பகுதியை கரியாலும் முழுக்க மாற்ற முடியவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் மெயின் ரோட்டில் சைலன்சரைக் கழற்றி விட்டு பைக்கை முறுக்குகிற வாலிபர்கள் இந்தத் தடத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் இரும்பு வளையம், தோளோடு இறுக்கிக் கட்டிய பெல்ட், ஹெல்மெட், ஓரத்தில் ஆம்புலன்ஸ். இத்தனையும் இருந்தால் தான் கொடி அசைப்பார்கள். ரோட்டில் குறுக்கே வருவது கூலி வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகிற ஆள். அவன் தலையில் என்ன இருக்கிறது? டிபன் கேரியர் தான் கையில் இருக்கும்.

ஃபார்முலா மாருதிக்குப் பிறகு, அதே கோவையில் ஃபார்முலா எல்.ஜி.பி. என்ற கார்கள் வந்தன. அளவு பெரிது, வேகம் கூடுதல். செட்டிபாளையத்தில் இளம் வீரர்கள் ஓட்டுகிற அந்தக் கார்களின் முதுகிலும் இருப்பது மாருதி என்ஜின் தான்.